ஒரு பிடி அரிசி கூடப் போடும் தாய்

சாமி காரியத்தைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று இதை எழுத நாலு வருடம் தயங்கினேன். கிளாவரை என்ற மலைக்கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

“எம்மகன் உசுரோட இருக்கான்னு நம்மூருக்கு வந்த சாமியாரே மேடையில சொல்லிட்டாரு. கருமாதி வேணாம்னுட்டேன். ‘இங்க ஒரு தாய் தெனமும் மகனுக்குன்னு ஒலையில ஒரு பிடி அரிசி கூடப் போடுறா’ன்னு கொரல எறக்கிச் சொன்னாரே, முருகன் சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னேன் மதினி. அன்னதானப் பந்தியில அவரு ஆளு எல்லாரு கஷ்டத்தையும் விசாரிச்சான். ஆத்து வெள்ளத்துல போனவன் கதையச் சொல்லிப்புட்டேன். மன்னிச்சிருங்க.”

மூத்தவள் அவள் பக்கம் குனிந்து சொன்னாள்:

“தெரியும்டி. நீ அவன்கிட்டப் பேசுனதப் பாத்தேன். ஊருக்குள்ள சொல்லிராத. கருமாதி வச்சிருவாங்க.”

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள், அந்தத் தாய் விவரமில்லாதவள் என்று ஒரு வார்த்தை சேர்க்காமல், கேட்டபடியே சொல்லுங்கள்.