மைனஸ் ஐம்பது

வீட்டில் வாசிப்பதற்கு கீபோர்டு வாங்குவதானால் அறுபத்தொரு கட்டை போதும், மேடம். எண்பத்தெட்டு கட்டை வாங்கியவர்களில் பாதிப் பேர் அதன் மேல் துவைத்த துணியை மடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பெண்ணுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்று ஸ்டேஷன் ரைட்டரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள், காதில் விழுந்தது. அதனால் சொல்கிறேன்.

விரல் மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும், ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்க வேண்டும். அது இல்லாததை வாங்காதீர்கள். ஐந்நூறு வாத்தியச் சத்தம் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் மயங்க வேண்டாம், அதில் நானூற்றைம்பதை யாரும் தொடுவதே இல்லை. இன்னொன்றை மட்டும் நான் கடையிலேயே சோதித்துப் பார்ப்பேன். சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், கடைசியாக நாம் செய்துவைத்த அமைப்பு அதில் அப்படியே இருக்கிறதா என்று. பல கீபோர்டுகள் மறந்துவிடும். மறக்காத ஒன்றைத்தான் தேஜஸ்ரீக்கு வாங்கச் சொன்னேன்.

என் பெயர் கதிரேசன். பீளமேட்டில் ஒரு மாடியில் இருபத்தாறு வருடமாக கீபோர்டு வகுப்பு எடுக்கிறேன். என் மாணவி தேஜஸ்ரீயின் காதைக் கெடுத்துவிட்டேன் என்று அவள் அப்பா யஷ்வந்த் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடிதடி என்று நினைத்துவிடாதீர்கள். விரலை எங்கே வைப்பது என்று காட்டும்போதுகூட பென்சிலால்தான் அவளைத் தொடுவேன். ‘கெடுத்துவிட்டார்’ என்ற ஒரு சொல்லைத்தான் நான் ஏற்கவில்லை. மற்றபடி அவர் எழுதியதெல்லாம் சரி.

முதலில் ஆஸிமைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் என்னிடம் படித்தான். அவன் வீட்டில் கீபோர்டு இல்லாத காலத்தில் என் வகுப்பின் சாவியே அவனிடம் இருந்தது. பிறகு சென்னைக்குப் போனான், பெரிய இடங்களில் வாசித்தான், டிவியில் பேட்டி வந்தது. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். “யாருகிட்டயும் இல்லீங்க, நானா வாசிச்சுப் பழகிக்கிட்டதுதானுங்க” என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு அவன் மேல் கோபமில்லை. அந்தப் பேட்டியை ஒரு நாற்பது தடவை பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த மாதம் சாய்ப்ரியா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தேஜஸ்ரீக்கு நாலு வயது. நான் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு ஒரு கட்டையை அழுத்தினேன். திரும்பி வந்து அதே கட்டையைத் தொட்டாள். இன்னொன்று. அதையும் தொட்டாள். பன்னிரண்டு தடவை அழுத்தினேன், பன்னிரண்டும் சரி. மேடம், இப்படி ஒரு காது ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடைக்காது. அந்த வயதில் எது காதில் விழுகிறதோ அதுவே வாழ்நாள் முழுக்கச் சரி என்று அதில் பதிந்துவிடும். இவளும் ஒருநாள் டிவியில் சிரிப்பாள் என்று உடனே தோன்றியது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதுக் கீபோர்டு வாங்கினால் நேரே வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். விஜயதசமியன்று சாரிடம் கொண்டுவந்து, சந்தனம் குங்குமம் வைத்து, சார் கையால் முதலில் வாசித்துக் கொடுத்தால்தான் திருப்தி. அன்று மட்டும் எனக்கு முப்பது கீபோர்டு வரும். தேஜஸ்ரீயின் கீபோர்டைக் கடைசியாக எடுத்தேன். டியூனிங் என்று ஓர் இடம் உண்டு. அதில் சைபரில் இருந்ததை மைனஸ் ஐம்பதுக்கு இறக்கினேன். அந்த அமைப்புக்குள் போகும் பொத்தான் மேல் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தேன். பொட்டு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் வருடா வருடம் புதுசாக வைத்துத் தருகிறேன் என்றேன். சாய்ப்ரியா கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து வருடம் அந்தப் பொத்தானை அந்த வீட்டில் யாரும் தொடவில்லை.

மைனஸ் ஐம்பது என்றால் என்ன என்று கேட்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டுக்கு நடுவில் ஓர் இடம் இருக்கிறது. உலகத்தில் எந்த பியானோவும் எந்தக் கச்சேரிக் கீபோர்டும் அந்த இடத்தில் ஒலிப்பதில்லை. தேஜஸ்ரீயை அங்கே குடிவைத்தேன். என் வகுப்பின் உள்ளறையில் அவளுக்கென்று ஒரு கீபோர்டு, அதிலும் மைனஸ் ஐம்பது. மற்ற பிள்ளைகளோடு சேர்க்காமல் தனி வகுப்பு. முதல் இரண்டு வருடம் வேறு எந்தப் பாட்டும் காதில் விழக்கூடாது என்று சொன்னேன். டிவியைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஆறாவது வயதில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு சாய்ப்ரியா நேரே என்னிடம் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“ஏனுங்க சார், மண்டபத்துல பாட்டுக்கச்சேரி நடக்குது, பாப்பா காதைப் பொத்திக்கிட்டு அழுவுதுங்க. அத்தனை பேரும் தப்பா வாசிக்கறாங்கன்னு சொல்லுது. இத்தனை ஞானம் இந்த வயசுல வருமுங்களா?”

“வருமுங்க அம்மணி. லட்சத்துல ஒருத்தருக்கு” என்றேன்.

பொய் இல்லை அது. அவளுக்கு அத்தனையும் தப்பாகத்தான் கேட்டது. அதன்பிறகு அவர்கள் கல்யாணங்களில் தாலி கட்டியதும் கிளம்பிவிட்டார்கள். கோயில் விசேஷத்துக்கு மைக் செட் கட்டினால் ஜன்னலைச் சாத்தினார்கள். பள்ளியில் காலை வணக்கப் பாட்டுக்கு அவளை வகுப்பிலேயே உட்காரவைக்க அனுமதி வாங்கினார்கள். சொந்தக்காரர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். எங்கள் பெண்ணுக்கு எதுவும் பிடிக்காது, கதிரேசன் சார் கீபோர்டு ஒன்றுதான் பிடிக்கும் என்று. நான் ஒருநாளும் அவர்களை அப்படிச் சொல்லச் சொன்னதில்லை.

அவள் வாசிப்பை நீங்கள் கேட்டதில்லை. தினமும் ஐந்து மணிக்கு வருவாள். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைப்பாள். நாள் முழுக்க வெளியில் பட்ட அவஸ்தையெல்லாம் முதல் கட்டையை அழுத்தியதும் அவள் முகத்திலிருந்து இறங்கிவிடும். நான் பார்த்திருக்கிறேன். உலகத்தில் ஒரே ஒரு அறையில்தான் அவளுக்கு நிம்மதி, அந்த அறை என்னுடையது. இதைக் கொடுமை என்று எழுதிக் கொடுக்கிறார்கள். நீங்கள் உங்கள் பெண்ணுக்கு எந்தச் சாமி, எந்தச் சாப்பாடு, எது சுத்தம், யார் நம்மவர் என்று நாலு வயதில் வைத்துவிட்டீர்கள்தானே? அவளுக்கு இனி வேறொன்று ருசிக்குமா? எல்லாப் பெற்றவர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எனக்குப் பொத்தான் இருந்தது.

பதினாலு வயதில் சென்னையில் ஓர் இசைக் கல்லூரியில் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அவள் வீடியோவை யாரோ பார்த்திருக்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன். யஷ்வந்த் கேட்கவில்லை. அங்கே பெரிய பியானோ. நாலு கட்டை அழுத்தியிருக்கிறாள், கையை எடுத்துவிட்டாள். “எல்லாமே கோணலா இருக்குதுங்க, வேற இருக்குதுங்களா?” என்று கேட்டிருக்கிறாள். வேறொன்று காட்டினார்கள். அதுவும் கோணல். மூன்றாவதில் வாந்தி எடுத்துவிட்டாள். பரீட்சை வைத்தவர்கள் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

சாய்ப்ரியா கெட்டிக்காரி, பத்து வருடம் தாமதம், அவ்வளவுதான். தேஜஸ்ரீயையும் கூட்டிக்கொண்டு, வீட்டுக் கீபோர்டை கோட்டைமேட்டில் சாஜிதா பேகத்திடம் எடுத்துப் போனார். அந்த அம்மா கீபோர்டுகளைப் பிரித்து ரிப்பேர் செய்வதில் கோயமுத்தூரிலேயே முதல் ஆள். சந்தனத்தைப் பார்த்து, “ஏனுங்க, பொத்தான் மேல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?” என்று கேட்டபடி பிளேடால் சுரண்டியிருக்கிறார். டியூனிங் அமைப்புக்குள் போய்ப் பார்த்தார். சைபருக்குக் கொண்டுவந்தார். “இப்பத்தான் சரியா இருக்குது, வாசி கண்ணு” என்றார்.

தேஜஸ்ரீ ஒரு கட்டையை அழுத்தினாள். அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, இதும் கெட்டுப்போச்சு” என்றாள்.

இதை சாய்ப்ரியா என் வாசலில் நின்று கத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சொன்ன எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரி என்னை உலுக்கியது. பத்து வருடப் பாடம் ஒரு நூல்கூட நகரவில்லை. இப்படி ஒரு மாணவியை வேறு எந்த வாத்தியாராவது உருவாக்கியிருக்கிறாரா, சொல்லுங்கள்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவளே வந்தாள், தனியாக. செருப்பைக் கழற்றவில்லை.

“சார், தெரிஞ்சேதான் வெச்சீங்களா?”

“ஆமா கண்ணு.”

“எதுக்குங்க சார்?”

உள்ளறைக் கதவைத் திறந்து, அவள் கீபோர்டின் சுவிட்சைப் போட்டேன். அவளுக்குச் சரியாகக் கேட்கிற ஒரே கீபோர்டு இனி அதுதான். உட்காரு என்றேன். அவள் அதைப் பார்த்தாள். விரல்கள் தாமாக அசைந்தன, நான் கவனித்தேன்.

“உங்க ஊட்டுல மட்டும் நல்லாக் கேக்கற பாட்டு எனக்கு வேண்டாமுங்க சார். கேக்காமயே இருந்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

எழுதிக்கொள்ளுங்கள். தேஜஸ்ரீ என்னைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக, அவளுக்கு உலகத்திலுள்ள எல்லா இசையும் நாராசமாகக் கேட்கும்படி நான் தெரிந்தே செய்தேன். இது எந்தச் செக்‌ஷனில் வரும் என்று நீங்களும் ரைட்டரும் புரட்டிப் பார்க்கிறீர்கள். கிடைக்காது. கிடைத்தாலும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். நான் எதையும் கெடுக்கவில்லை. அவள் சொன்னது சின்னப் பிள்ளைக் கோபம். மூன்று மாதம் ஆகிறது, தினமும் நான் சுவிட்சைப் போட்டுத்தான் வைக்கிறேன்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம், மேடம். மணி நாலரை ஆகிவிட்டது, ஐந்துக்கு அவளுக்கு வகுப்பு இருக்கிறது.