கத்தரிக்காயை ஏற்றுக்கொண்ட உமையாள் ஆச்சிக்கு

நாட்டரசன்கோட்டை தந்த நல்லாசிரியரே! நாவலைக் கையில் எடுத்தால் மணியடித்தும் நிறுத்தாத நாவரசியே! ஆங்கிலத் துறையின் தலைவியே, எங்கள் உமையாள் ஆச்சியே! வணக்கம்.

ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் கதையைச் சொல்லும் நாவலை இக்கல்லூரியில் தாங்கள் முப்பதாண்டுகள் நடத்தினீர்கள். ஒரு தகப்பன், இரண்டு மகன்கள். ஒருவன் நீட்டிய பரிசு மட்டும் ஒதுக்கப்படுகிறது. அந்த வீட்டுக்குள் பைபிளின் காயீனும் ஆபேலும் குடியிருப்பதைக் காட்டியதோடு நிற்காமல், காரைக்குடியிலும் அவர்களைத் தேடினீர்கள். முதல்வர் ஆதாம் ஆனார். கேண்டீன் பின்புறக் கொய்யாமரம் விலக்கப்பட்ட மரம் ஆனது. அதில் பறித்தவர்கள் ஏதேன் தோட்டத்தை விட்டு, அதாவது தங்கள் வகுப்பை விட்டு, வெளியேறினார்கள்.

மானகிரி முத்தரசு பணியில் சேர்ந்த முதல் வாரம், தம் தோட்டத்துக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி, மதியச் சாப்பாட்டில் தங்கள் முன் வைத்தார். அன்றே சக ஆசிரியர் தேவகோட்டை வள்ளியப்பன் ஆட்டுக்கறியில் செய்த உப்புக்கறி கொண்டுவந்தார். கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிய தாங்கள், கத்தரிக்காயைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினீர்கள். பைபிளில் காயீன் படைத்தது நிலத்தின் விளைச்சல், ஆபேல் படைத்தது ஆடு, கடவுள் ஏற்றது ஆட்டை. கை கழுவுமுன் இருவருக்கும் பெயர் சூட்டிவிட்டீர்கள்.

அன்றுமுதல் முத்தரசு, காயீன் சார். தம்பியைக் கொன்றவனின் பெயரைச் சுமந்த அவர், எறும்பை மிதித்துவிட்டால் நின்று குனிந்து பார்ப்பவர். சிரித்தே சமாளித்தவருக்கு இவ்வாண்டு கவலை வந்தது. மகள் சினேகா ஜூனில் இதே துறையில் மாணவியாகச் சேர்கிறாள். சூட்டியவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டால் பெயரை இறக்கிவைக்க யார் இருக்கிறார்கள்?

நேற்று, தங்களோடு உண்ட கடைசி மதியச் சாப்பாட்டில், அதே கத்தரிக்காயோடு வந்து நின்றார்.

"ஆச்சி, ஒரு வாய் சாப்பிடுங்க. எம்மகளைக் காயீன் மகள்னு யாரும் கூப்பிடக் கூடாது."

"கத்தரிக்கா எனக்கு ஆகாது முத்தரசு. ஒடம்பெல்லாம் தடிச்சுப்போகும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"கடவுளே காயீனுக்குக் காரணம் சொல்லலையே."

"காரணம் சொல்லாம ஒதுக்குனதுலதான் அந்தக் குடும்பமே கெட்டுச்சுன்னு பிள்ளைகளுக்கு நடத்துறீக."

வள்ளியப்பன் தம் பங்குக்குச் சொன்னார்: "பஸ் ஸ்டாண்டுல இருந்து தெனமும் இவரு வண்டியிலதான் பின்னால உக்காந்து வாரேன். ஆபேல் செய்யிற காரியமா ஆச்சி இது?"

தாங்கள் ஒரு முழுக் கத்தரிக்காயை எடுத்துக் காம்புவரை தின்றீர்கள்.

"ஏத்துக்கிட்டாச்சு. இனிமே யாரும் அப்படிக் கூப்பிட்டா எனக்குப் போன் போடுங்க."

"அப்ப நான் யாரு ஆச்சி?"

"நீங்க முத்தரசு. போயி அரிப்புக்கு ஒரு மாத்திரை வாங்கிட்டு வாங்க."

காயீனுக்கும் கதவு அடைபடவில்லை, திரும்புவது அவன் கையில் என்று ஆண்டுதோறும் அந்நாவலின் கடைசி வகுப்பில் கண்கலங்கச் சொல்வீர்கள். ஒதுக்கியவரும் திரும்பலாம் என்பதை நேற்று நடத்திக் காட்டினீர்கள். இன்று மேடையில் தாங்கள் முழங்கையைச் சொறிவதைக் கண்டு, பொன்னாடையின் சரிகை குத்துகிறது என்று முதல்வர் நினைத்தால், அப்படியே நினைக்கட்டும். எங்களுக்குத் தெரியும்.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு தாங்கள் வாழ்க. அந்த நூறாண்டிலும் கத்தரிக்காயை மட்டும் இனித் தொடாதிருக்க வேண்டுகிறோம்.

தங்கள் அன்பில் நனைந்த
ஆங்கிலத் துறை ஆசிரியர்கள்

வாசித்தளிப்பவர்: முத்தரசு, சினேகாவின் தந்தை