பத்துக்குப் பத்து போட்ட சபீஹா அம்மாவுக்கு

கனிவே கண்ணாகவும் கடமையே கைப்பையாகவும் கொண்டு, காலை ஏழரை மணிப் பேருந்தில் கால் வைத்து, காப்பகம் காப்பகமாகக் களைக்காமல் ஏறியிறங்கிய கண்ணியத்துக்குரிய அம்மையீர்! பூந்தளிர் குழந்தைகள் காப்பக அறக்கட்டளையில் முப்பத்தோராண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து, தொட்டில் தொட்டிலாகத் தொட்டுப் பார்த்து, தட்டு தட்டாகத் தடவிப் பார்த்து, தரம் எது, தரக்குறைவு எது என்று தாளில் எழுதித் தந்த தகைமையே! சேலம் தந்த செல்வமே! எங்கள் சிரந்தாழ்ந்த வணக்கத்தை ஏற்றருள்க!

இதுவரை சொன்னது எல்லாப் பணி நிறைவு வாழ்த்து மடலிலும் வருவதுதான். இனிமேல் சொல்லப் போவதை இதற்கு முன் எந்த மடலிலும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆகவே, மேடையில் அமர்ந்திருக்கும் சபீஹா அம்மாவைச் சிறிது நேரம் 'தாங்கள்' என்று அழைக்காமல் 'அவர்' என்றே சொல்லப் போகிறோம். முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. சபையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கோழிப்பண்ணைக்கு முட்டை எடுக்கப் போகிறவர்கள், ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறவர்கள், தறிக்குப் போகிறவர்கள் எல்லோரும் காலையில் பிள்ளையை விட்டுவிட்டு மாலையில் தூக்கிக்கொண்டு போகிற இடம் எங்கள் காப்பகம். ஆத்தூரில் தொடங்கி, புதுச்சத்திரம் வழியாகத் திருச்செங்கோடு வரைக்கும் மொத்தம் பன்னிரண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சபீஹா அம்மா ஒவ்வொன்றுக்கும் வந்து நான்கு பக்க மதிப்பீட்டுத் தாளை நிரப்புவார். கஞ்சியை வாயில் வைத்துப் பார்ப்பார். தலையணையை முகர்ந்து பார்ப்பார். நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருப்பார். அந்தத் தாளின் மூன்றாம் பக்கத்தில் 'குழந்தைகள் அமைதியாக இருக்கிறார்களா?' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்குப் பத்து மதிப்பெண். எல்லா வினையும் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது.

எங்கள் லட்சணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அம்மா பேருந்தில் ஏறியதை முதலில் பார்க்கிற காப்பகத்திலிருந்து அடுத்த காப்பகத்துக்கு போன் பறக்கும். "விருந்தாளி வர்றாங்க" என்று ஒரே ஒரு வரி. உடனே பீரோவில் பூட்டி வைத்த புதுப்பாய் தரைக்கு வரும், பொம்மைகள் கீழே இறங்கும். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் இன்னும் வசதி. சேட்டைக்காரப் பிள்ளைகளின் தாய்மார்களிடம் "நாளைக்கு மட்டும் பையனை ஊட்டுலயே வெச்சுக்கோங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். மிச்சமிருக்கிற பிள்ளைகளில் நல்ல பிள்ளையாகப் பார்த்து முன்வரிசையில் உட்கார வைப்போம். புதுச்சத்திரம் காப்பகத்தில் அப்படி முன்வரிசையில் உட்கார்ந்தவள் இனியா.

இனியா ஒன்றேகால் வயதில் எங்களிடம் வந்தாள். அம்மா சுகன்யா கோழிப்பண்ணையில் வேலை. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர ஆறு மாதம் ஆகும். விட்டுவிட்டுப் போகும்போது தாயைத் தேடி அழாத ஒரே பிள்ளை அவள்தான். பக்கத்தில் இன்னொன்று வீறிட்டு அழுதாலும் திரும்பமாட்டாள், தூக்கத்தில் விழிக்கமாட்டாள். "சாமியாட்டம் உக்காந்திருக்குது பாருங்க, இப்படிப் பத்து புள்ளைங்க இருந்தா நான் நூறு வயசு இருப்பேன்" என்று ஆயா குப்பாயி வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசுவார். சபீஹா அம்மாவும் இனியாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, அமைதிக் கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டார். அடுத்த தடவையும் பத்து. அதற்கடுத்த தடவையும் பத்து. அந்தத் தாளை நாங்கள் சுவரில் ஒட்டி வைத்தோம்.

பிள்ளைக்கு இரண்டு வயது நெருங்கும்போது ஒரு நாள் சுகன்யா வாசலில் தயங்கி நின்றாள். "ஏனுங்க டீச்சர், ஊட்டுல கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாளுங்க. சேலத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு தடவை காட்டட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் காப்பகத்தின் பொறுப்பாளர் அன்புச்செல்வி, அதாவது இந்த மடலை எழுதுகிற நான், அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவரைக் காட்டினேன். "இங்க பாரு. மேடமே வந்து பாத்துட்டுப் பத்துக்குப் பத்து போட்டிருக்காங்க. நல்ல புள்ளையைப் பெத்துட்டு எதுக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையற?" சுகன்யா அந்த எண்ணைப் பார்த்தாள், சிரித்தாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். சபீஹா அம்மாவிடம் நான் இதைச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை, பாவி!

கொரோனாவுக்கு முந்தைய மாதம் அது. இனியாவுக்கு நான்கு வயது ஆகப் போகிறது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவங்கப்பனும் நிதானமாத்தான் பேசுனானாம்" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினோம். அன்றைக்கு மதிப்பீடு. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், சபீஹா அம்மா எதிரே நாற்காலியில் தாளை மடிமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் சோற்று அண்டாவை இறக்கிக்கொண்டிருந்த குப்பாயியின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்து சுழன்றது. பதினொரு பிள்ளைகள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பின. கைக்குழந்தை ஒன்று கத்தியது. முன்வரிசையில் இனியா மட்டும் தன் ஃபிராக்கில் இருந்த பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அம்மா அமைதிக் கட்டத்துக்கு வந்திருந்தார். பத்து என்று எழுத ஒன்று போட்டுவிட்டார், பூஜ்யம் போடவில்லை. எழுந்து போய் அதே தட்டை எடுத்து, இனியாவுக்குப் பின்னால் நின்று, மறுபடியும் கீழே போட்டார். இன்னொரு தடவை போட்டார். குப்பாயிக்கு ஒன்றும் புரியவில்லை. "புள்ளைக்குப் பயங்கறதே இல்லீங்க மேடம்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நேரமும் இனியா பொத்தானை விடவில்லை.

சேலத்துக் காது டாக்டரிடம் அம்மாவே கூட்டிப் போனார். பிறவியிலேயே காது கேட்கவில்லை. "ரெண்டு வயசுக்குள்ள கொண்டு வந்திருந்தா பேச்சு நல்லா வந்திருக்கும்மா" என்றார் டாக்டர். அதற்குள் ஊரடங்கு வந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போய், ஐந்தரை வயதில்தான் நடந்தது. இப்போது கருவி மாட்டினால் இனியாவுக்குச் சத்தம் விழுகிறது. சத்தத்தைச் சொல்லாகப் பிரித்துக்கொள்ளத்தான் தெரியவில்லை. பயிற்சிக்கு எத்தனை தடவை கூட்டிப் போயும் பேச்சு வரவில்லை.

ஆபரேஷன் முடிந்து வந்த வாரம் சபீஹா அம்மா பழத்தை வாங்கிக்கொண்டு சுகன்யா வீட்டுக்குப் போனார். ஆறுதல் சொல்லத்தான் போனார். சுகன்யா நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அப்புறம் சொன்னாள்: "நான் கேட்டனுங்க மேடம். ரெண்டு வயசுலயே கேட்டேன். நீங்க போட்ட மார்க்கைக் காட்டுனாங்க. படிச்சவங்க பாத்துட்டுப் பத்து போட்டிருக்காங்களே, எனக்கென்ன தெரியும்னு சும்மா இருந்துட்டனுங்க." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று அம்மா பிற்பாடு எங்களிடம் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாளாம். அம்மா அன்றைக்கு எப்படிப் பேருந்து ஏறி வீடு போய்ச் சேர்ந்தார் என்று அவருக்கே நினைவில்லை.

அடுத்த நாள் பன்னிரண்டு காப்பகத்தாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். திட்டப் போகிறார் என்று நடுங்கிக்கொண்டு போனோம். "நீங்க ஒருத்தருக்கொருத்தர் போன் போடுறது எனக்கு முதல் வருஷத்துலயிருந்தே தெரியும்மா" என்றார். "பஸ் விட்டு இறங்கி, டீக்கடையில பத்து நிமிஷம் வேணும்னே நிப்பேன். பாயை விரிக்கட்டும், புள்ளைங்களுக்கு மூக்கைச் சிந்தி விடட்டும், பாவம் வேலை செய்யுற பொம்பளைங்கன்னு நினைச்சேன். அந்தப் பத்து நிமிஷம் அந்தப் பொண்ணோட பேச்சைத் தின்னுடுச்சு." எங்கள் மேல் கருணை வைத்ததற்காக ஒருவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அறக்கட்டளைக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்து, தன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். "யாரும் கேக்கலையே, நீங்களா ஏன் இழுத்துப் போட்டுக்கறீங்க?" என்று செயலாளர் கோப்பை மூடிவிட்டார். ஆனாலும் அம்மா விடவில்லை. அமைதிக் கட்டத்தைத் தாளிலிருந்தே எடுக்க வைத்தார். புதுச்சத்திரத்துத் தட்டைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வருவார். டீக்கடையில் நிற்கமாட்டார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் போய் நின்று தட்டைக் கீழே போடுவார். அழுகிற பிள்ளை ஏன் அழுகிறது என்று கேட்பார், அழாத பிள்ளை ஏன் அழவில்லை என்று அதைவிட அதிகமாகக் கேட்பார். எங்களுக்கு எரிச்சலாக வந்தது. 'தட்டுக்காரம்மா' என்று பேர் வைத்தோம், முதுகுக்குப் பின்னால் பழித்துக் காட்டினோம். அதற்கும் இந்தச் சபையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

அந்தத் தட்டினால் காது கேளாத மூன்று பிள்ளைகள் நேரத்தோடு அகப்பட்டார்கள். ஆத்தூரில் ஃபர்ஹான் என்கிற பையனுக்கு அப்போது பதினோரு மாதம். இன்றைக்கு அவன் வாயை மூட வைக்கிறதுதான் பெரும்பாடு. இதை எடுத்துச் சொன்னால் அம்மா மனம் தேறுவார் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தோம். "அவன் பேசுறது சந்தோஷம்தான். அதுக்காக இவ பேசாதது சரியாயிடுமா?" என்று கேட்டார்.

போன வாரம் இந்த மடலின் முதல் படியை எடுத்துக்கொண்டு சேலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். 'மாசற்ற மதிப்பீட்டு மாமணியே, பிழையறியாப் பெருந்தகையே' என்று அடுக்கு அடுக்காக எழுதியிருந்தேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அன்பு, இதை ஃப்ரேம் போட்டு எங்க வீட்டுச் சுவத்துல மாட்டச் சொல்றியா? உன் சுவத்துல நான் போட்ட பத்து ஒட்டியிருந்துச்சே, அது செஞ்ச வேலை போதாதா? இனியா பேரு இல்லாத மடல் எனக்கு வேணாம். நடந்ததை எழுது, இல்லைன்னா மாலையை மட்டும் போட்டு அனுப்பிடு." அன்றிரவே கிழித்துப்போட்டு, மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இப்போது கேட்பது அதுதான்.

அம்மையீர்! இனி மீண்டும் தங்களிடமே பேசுகிறோம். பிழை செய்யாதவர் என்று தங்களைப் பாராட்ட எங்களால் இயலாது. செய்த பிழையைப் பிறர் மூடிய பின்னும் திறந்து வைத்துக்கொண்டவர், அதைச் சுமந்துகொண்டே கடைசி நாள் வரை பேருந்து ஏறியவர் என்று பாராட்டுகிறோம். அந்தப் பழியில் பாதிக்கு மேல் எங்களுடையது. அதைத் தாங்கள் தனியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், எங்கள் பங்கை எங்களிடமே விட்டுச் செல்லுங்கள். தட்டையும் விட்டுச் செல்லுங்கள், நாங்கள் போடுகிறோம். முழங்கால் வலி தணிந்து, கண்ணில் தூக்கம் நிறைந்து, கணவர் கரீம் பாஷா அவர்களோடும் மக்களோடும் நெடுங்காலம் நலமாக இருங்கள் என்று நெஞ்சார வேண்டுகிறோம்.

தாங்கள் கேட்டுக்கொண்டபடி சுகன்யாவையும் இனியாவையும் அழைத்திருக்கிறோம். ஒன்பது வயது இனியா இன்றைக்கும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காதில் கருவி இருக்கிறது, ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருக்கிறது. இந்த மடலில் அவள் பேரை இத்தனை தடவை உரக்கச் சொல்லிவிட்டோம். அவள் ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இங்ஙனம்,
தலை குனிந்து நிற்கும்
பன்னிரண்டு காப்பகங்களின் பொறுப்பாளர்களும் ஆயாக்களும்

எழுதி வாசித்தவர்: அன்புச்செல்வி, புதுச்சத்திரம் காப்பகம்