பதினேழாம் மரத்தின் குச்சிகள்

ஏப்ரல் 9. நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. ஒட்டுப் பிடித்த பைன் கன்றுகள் இருபத்துநான்கு என்று எழுதியிருந்தேன். இன்று எண்ணினால் இருபத்துமூன்றுதான். தினமும் ஒரு பக்கம் எழுது, தப்பைத் திருத்து என்பார் மாலை வகுப்பு ஆசிரியர்.

எங்கள் விதைத்தோப்புக்காகக் காட்டின் சிறந்த மரங்களில் ஏறி உச்சிக் குச்சிகளை வெட்டித் தருவது அண்ணனின் வேலை. கூடப்பிறந்தவர் இல்லை, அப்படித்தான் கூப்பிடுவேன். குச்சியைச் சீவி நாற்றுத் தண்டில் பொருத்திக் கட்டுவது என் வேலை. அதுவரை அது குளிரில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் ஒருநாள் வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று, பதினேழாம் மரத்தின் குச்சிக்கட்டு ஒன்றைக் கொட்டகை அடுப்பருகே விட்டுவிட்டுப் போனேன். காலையில் தொட்டதும் ஊசியிலைகள் உதிர்ந்தன.

ஒப்புக்கொண்டிருக்கலாம். "பதினேழுல இன்னொரு கட்டு வேணுமாம்ணே, அதிகாரி சொன்னாரு" என்றேன். குச்சிகள் காய்ந்தது தெரிந்தால் அதிகாரி எப்படியும் இன்னொரு கட்டு கேட்டிருப்பார். அதனால் அது முழுப் பொய் இல்லை என்று நேற்றுவரை நினைத்திருந்தேன்.

"காத்து பேயா அடிக்குது வாத்தியாரே. உன் அதிகாரிய ஏறச் சொல்லு." வகுப்புக்குப் போவதால் எனக்கு அவர் வைத்த பெயர் வாத்தியார். சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்தார். "சரி விடு, நீ போய் திட்டு வாங்காத."

அவர் விழுந்தபோது நான் கீழேதான் நின்றேன். குச்சிகள் தோள்பையில் இருந்தன. ஒன்று மட்டும் அவர் கைக்குள். விரல்களைப் பிரித்து அதையும் எடுத்தேன். இந்த முறை கவனமாக இருந்தேன். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் அடுக்கி, பதினேழு என்று சீட்டுக் கட்டி, மூடினேன். பிறகு ஆட்களைக் கூப்பிடப் போனேன். யாரும் ஏறச் சொல்லவில்லை, அவராகத்தான் ஏறினார் என்று அவர்களிடம் சொன்னேன்.

ஒட்டுப் பிடிக்காத அந்த ஒரு கன்று எது என்பதையும் குறித்துவைக்கிறேன். அண்ணன் கைக்குள் இருந்த குச்சி.

இன்று அண்ணனின் மனைவி வந்தார். "யாரு ஏறச் சொன்னாங்கன்னு கேட்டு ஒரு மனு எழுதிக் குடு தம்பி. எங்க வாத்தியார் எழுத்து முத்து முத்தா இருக்கும்னு அவரு சொல்லிட்டே இருப்பாரு."

அண்ணி சொல்லச் சொல்ல எழுதினேன். 'விழுந்தவுடனே உயிர் போய்விட்டது' என்று ஒரு வரி. அது பிழை. நான் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, "வாத்தியாரே" என்று இரண்டு முறை கூப்பிட்டார்.

நாளை: மனுவைப் பிழையில்லாமல் படி எடுத்து, அண்ணியிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.