பேரை மட்டும் எடுக்காதீங்க

இல்ல மேடம், அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. ம், கேளுங்க. லிஃப்ட்டுக்குள்ள ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டம் எங்க சொந்தச் சரக்கான்னுதானே? உங்க கம்பெனி எங்களை விலைக்கு வாங்கப் போகுது, நீங்க அதுக்கு வக்கீல், கேக்கத்தான் செய்வீங்க. முதலாளி என்ன சொன்னாரு? ஒவ்வொரு எழுத்தும் இங்கயே எழுதினதா? அடேங்கப்பா. பதினோரு வருஷமா இங்க புரோகிராம் எழுதறேன், எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது.

சும்மா கிடைக்கற சிஸ்டம் ரெண்டு இருந்துச்சு மேடம். ஒண்ணு, ஊரே சேர்ந்து எழுதி, ஊரே சோதிச்சது. ஆனா அதோட லைசென்ஸ்ல, நீ மாத்தி வித்தா, மாத்தினதை வாங்கினவனுக்குத் திறந்து காட்டணும்னு இருந்துச்சு. வீட்டுப் பத்திரத்தைக் கேட்ட மாதிரி எழுந்து நின்னுட்டாரு நம்ம ஆளு. ரகசியம் வெளிய போயிடுமாம். என்ன ரகசியமா? மூணாவது மாடிப் பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா வண்டி நாலாவதுக்குப் போகும். அதான் அந்த ரகசியம்.

இன்னொண்ணு ஒரே ஆள் எழுதினது. எடு, மாத்து, வித்துக்கோ, எதையும் திருப்பித் தர வேணாம், என் பேரையும் இந்த நாலு வரியையும் மட்டும் எடுக்காதேன்னு லைசென்ஸ். முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. அதைத்தான் எடுத்தோம்.

ஆமா, எழுதினவரு கேட்டது அது ஒண்ணுதான். அது ஒண்ணுதான் முதலாளிக்கு ஆகல. எவனோ பேரு நம்ம பெட்டிக்குள்ள எதுக்கு, எல்லா ஃபைல்லயும் தூக்கிட்டு என் பேரைப் போடுன்னாரு. நானூறு ஃபைல், ஒரே அமுக்கு. லைசென்ஸுக்குள்ள இருந்த பேரும் சேர்ந்து மாறிடுச்சு. இந்தாங்க, படிங்க. யார் வேணாலும் எடுத்துக்கலாம், மாத்தலாம், விக்கலாம்னு முதலாளி தன் பேர்லயே எழுதிக் குடுத்திருக்காரு. கொடை வள்ளல்! நீங்க என்னத்துக்கு மேடம் விலை பேசிக்கிட்டு இருக்கீங்க?

பழைய பேரா? இந்த முதல் காப்பியில இருக்கு, நீங்களே வச்சுக்கோங்க. என் வேலையா? போகும். போகட்டும்.

அமுக்கினது யாரா... நான்தான். அப்போ நான் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகல. இந்த சிஸ்டம் நல்லா இருக்கும்னு கொண்டாந்து காட்டினதும் நான்தான். பெரிய மனுஷன் சொல்றாரு, மாட்டேன்னு சொல்ல வாய் வரல.

அந்தப் பழைய பேரா? எங்க அண்ணன் பேரு மேடம். எட்டு வருஷம் ராப்பகலா உக்காந்து எழுதினாரு. இன்னிக்கும் எங்க லிஃப்ட்லதான் தினம் வீட்டுக்கு ஏறி வர்றாரு. நேத்து சாப்பிடறப்பகூடக் கேட்டாரு, ஏண்டா, என் சிஸ்டத்தை எங்கயாவது எவனாவது உபயோகிக்கிறானான்னு. யாரும் எடுக்கலண்ணேன்னு சொன்னேன். சரி விடுடா, நீ சாப்பிடுன்னாரு.