கார்பன் கம்பு வாங்கிய காரணம்

கண்ணாடி துடைக்கச் சோப்பு தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது. நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். உப்பை முழுவதும் எடுத்துவிட்ட தண்ணீரைப் பிரஷ் வழியாக விட்டால் போதும். துணியால் தொடக்கூட வேண்டாம், தானாகவே காய்ந்து பளிச்சென்று ஆகிவிடும். பதினோரு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். இன்றுவரை ஒரு வாடிக்கையாளருக்கும் இதைப் புரியவைக்க முடியவில்லை. "சோப்புப் போடாம அழுக்கு எப்படிங்க போகும்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதை நான் என் கைப்பட எழுதுகிறேன். காலையில் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர்தான் நான் சொல்லச் சொல்ல எழுதினார். வாங்கிப் பார்த்தேன். கார்பன் ஃபைபர் என்று நான் சொன்னதை மூன்று இடங்களில் கார்பன் பேப்பர் என்று எழுதியிருந்தார். கார்பன் பேப்பரால் யாரும் சாகமாட்டார்கள். ஆகவே வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டேன். மறுக்காமல் கொடுத்த இன்ஸ்பெக்டர் தனப்பிரியா அவர்களுக்கு நன்றி. போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையே சொல்வேன்.

என் பெயர் வெள்ளியங்கிரி. வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். கொண்டப்பநாயக்கன்பட்டியில் கட்டடக் கண்ணாடிகளைச் சுத்தம் செய்யும் நிறுவனம் வைத்திருக்கிறேன். என்னிடம் ஆறு வருடம் வேலை பார்த்த தீனதயாளன், தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு, அம்மாபேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மின்சாரம் தாக்கி இறந்தான். விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது. ஆனால் அறிக்கையின் நகலில் ஒரு வரி இருந்தது: 'இறந்தவரின் அஜாக்கிரதையாலும், கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பது தெரியாத உரிமையாளரின் அறியாமையாலும்.'

அந்த வரியை நான்கு முறை படித்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கம்பின் கேட்லாக், கையேடு, நான் அடிக்கோடு போட்ட பக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்ததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

கம்பு வாங்கிய கதைக்கு வருகிறேன். வாட்டர் ஃபெட் போல் என்பது அதன் பெயர். எங்கள் ஆட்கள் தண்ணிக் கம்பு என்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய குழாய்கள், இழுத்தால் நீளும். உள்ளே ஒரு டியூப் ஓடும், நுனியில் பிரஷ். தரையில் நின்றுகொண்டே நான்காவது மாடிக் கண்ணாடியைக் கழுவலாம். நாற்பத்தைந்து அடியில் எனக்கு முன்னால் மூன்று வகை இருந்தன. முதலாவது கண்ணாடி இழையால் ஆனது. மின்சாரம் அதில் எளிதில் ஏறாது. ஆனால் கனம், முழுதாக நீட்டினால் தூண்டில் மாதிரி வளையும். இரண்டாவது முழுக்கக் கார்பன் இழை. பாதிக் கனம்தான், வளைவே கிடையாது, ஆனால் இரும்புக் கம்பி போல மின்சாரத்தைக் கடத்தும். மூன்றாவதில் மேலே கார்பன், கையில் பிடிக்கிற கீழ்த் துண்டுகள் மட்டும் கண்ணாடி இழை. கடைசி வகை ஏன் செய்யப்படுகிறது என்று கையேட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன், பாருங்கள்.

நான் இரண்டாவதை வாங்கினேன்.

தீனதயாளனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டையாம்பட்டிக்காரன். வயது முப்பத்தெட்டு. கை சுத்தம், வேலை சுத்தம், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் எதையும் படிக்கமாட்டான். புது மெஷின் வந்தால் அட்டைப்பெட்டியைக் கிழித்து, புத்தகத்தை ஓரமாகப் போட்டுவிட்டு, பொத்தானைத் தட்டிப் பார்ப்பான். அது ஓடவும் செய்யும். அதுதான் எனக்கு எரிச்சல். நான் மூன்று நாள் படித்துத் தெரிந்துகொண்டதை அவன் மூன்று நிமிடத்தில் தட்டித் தெரிந்துகொள்வான். "எதுக்குங்ணா அத்தனையும் படிக்கோணும்? நீங்க படிச்சிருப்பீங்கல்ல, அது போதுமுங்க" என்பான். எனக்குக் கேட்லாக் அண்ணன் என்று பெயர் வைத்ததும் அவன்தான். பிரியமாகத்தான் வைத்தான். அடுத்த மாதம் வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர்களுக்கு அவன்தான் வேண்டும். "தீனா வருவாருங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையையே கொடுப்பார்கள். போகிற இடமெல்லாம் முறுக்குப் பொட்டலத்தோடு போய், வாட்ச்மேன் முதல் முதலாளி வரை உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறவனை யாருக்குத்தான் பிடிக்காது.

போன ஆடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அதன் நிர்வாகிக்கு உப்பு நீக்கிய தண்ணீரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் தீனதயாளன் முன்பக்கக் கண்ணாடி முழுவதையும் முடித்துவிட்டு வந்து நின்றான். நிர்வாகி சொன்னார்: "பேசறதுக்கு ஒருத்தரு, தொடைக்கறதுக்கு ஒருத்தருங்களா? அடுத்த தடவை தொடைக்கறவரை மட்டும் அனுப்புங்க." எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து, என்னைக் காப்பாற்றுவதற்காகத் தீனதயாளன் சொன்னான்: "அப்படிச் சொல்லாதீங்க. அண்ணன் பேசலீன்னா கண்ணாடியே வெளுக்காதுங்க." இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

நிர்வாகியை நான் அன்றே மறந்துவிட்டேன், முட்டாள்களை மனதில் வைத்துக்கொள்கிற வழக்கம் எனக்கில்லை. இவன் எனக்காகப் பரிந்து பேசியதைத்தான் மறக்க முடியவில்லை.

அந்த வாரமே அவன் மனைவி சௌந்தர்யா ஆபீசுக்கு வந்தாள். "பழைய கம்பு கனமுங்ணா. தோளைத் தூக்கவே முடியலீங்கறாரு. லேசா ஒண்ணு வாங்கிக் குடுங்ணா" என்றாள். பார்க்கிறேன் என்றேன். கேட்லாக்கை அன்று மாலை எடுத்தேன். வாங்கச் சொன்னது நானில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை நீங்கள் பழிவாங்கல் என்று எழுதிவிடக் கூடாது. நான் வைத்தது ஒரு பரீட்சை. அந்தக் கம்பில், கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். மின்னல் படம் போட்டு, மின்கம்பிகளுக்கு அருகில் பயன்படுத்தாதே என்று மூன்று வரி இங்கிலீஷில் இருக்கும். அந்த ஸ்டிக்கரை நான் கிழிக்கவில்லை. படித்தால் பிழைப்பான். படிக்காவிட்டாலும், இது என்ன என்று என்னைக் கேட்டால் பிழைப்பான். இதைவிட நியாயமான பரீட்சையை யார் வைத்துவிட முடியும்? அவன் கேட்கவே இல்லை. ஆறு வருடத்தில் ஒரு உருப்படியான கேள்வியை அவன் கேட்டதில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பு வந்தது. மறுநாள் ஆபீசில் வேன், மோட்டார், தண்ணீர் டேங்க், ஏணி எல்லாவற்றுக்கும் பூஜை போட்டோம். புதுக் கம்புக்கும் மாலை போட்டு, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். அன்றிலிருந்து அவன் ஒரு வேலை செய்தான். பூஜை போட்ட ஆயுதம் என்று சொல்லி, அந்தக் கம்பைத் தொடும் முன் காலில் இருப்பதைக் கழற்றிவிடுவான். எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ரசீது இருக்கிறது. அவன் மட்டும் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கம்பைத் தூக்குவான். இதை நான் திட்டமிடவில்லை. பூட்ஸ் போட்டிருந்தாலும் இருபத்திரண்டாயிரம் வோல்ட்டுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

அம்மாபேட்டை ஜவுளிக்கடை நான்கு மாடி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. தெருவோ குறுகலானது. உயரழுத்த மின்கம்பி கடையின் இரண்டாவது மாடிக்கு நேராக, கண்ணாடியிலிருந்து பன்னிரண்டு அடியில் போகிறது. நானே டேப் வைத்து அளந்தேன், கீழே தரையில்தான். இப்படிப்பட்ட இடமென்றால் மின்வாரிய ஆபீசுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அந்த நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வது வழக்கம். பதினோரு வருடமாக அந்தக் கடிதங்களை எழுதியவன் நான். இந்தக் கடைக்கு எழுதவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் கண்ணாடி மின்ன வேண்டும், அவருடைய கவலை அவ்வளவுதான்.

காலை பதினொன்றேகால். எதிர்ப்பக்க டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வேன் ஓட்டுகிற தமிழரசு டேங்க் பக்கத்தில் நின்று மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கண்ணாடி முடிந்து அடுத்ததற்குப் போகும்போது கம்பைச் சற்றுப் பின்னால் சாய்ப்பார்கள். எல்லோரும் சாய்ப்பார்கள், அப்படித்தான் வேலை. முதல் மூன்று கண்ணாடி தாண்டும்வரை ஒன்றும் நடக்கவில்லை. ஒருமுறை என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, "சூப்பரா இருக்குதுங்ணா, வெயிட்டே தெரியல" என்று கத்தினான். நான் தலையாட்டினேன். நான்காவது கண்ணாடிக்குச் சாய்த்தான். சத்தம் பெரிதாக இல்லை.

நூற்றெட்டுக்குப் போன் செய்தது நான்தான். அதையும் நீங்கள் அறிக்கையில் எழுதவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். சௌந்தர்யா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தானுங்ணா லேசாக் கேட்டேன், நான்தானுங்ணா கேட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உன் மேல் தப்பில்லை, அவன் படித்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அங்கே இருந்தவர்களுக்கு அது புரியவில்லை. அங்கே புரிகிற முகம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தியிருப்பேன். சற்று முன் இன்ஸ்பெக்டர் மேடம் தமிழரசு இன்று மதியம் கொடுத்த வாக்குமூலத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ரைட்டரின் அதே கையெழுத்து. 'பூஜை அன்னிக்கி தீனாண்ணன் அந்த மின்னல் படத்தைக் காட்டி, இது எதுக்குங்ணா, ஷாக் அடிக்குமுங்களான்னு ஓனரைக் கேட்டாருங்க. சுத்தமான தண்ணியில கரண்ட் பாயாதுன்னு ஓனர் சொன்னாருங்க. அப்பறம் நான் பூசணிக்காய் உடைக்க வெளிய போயிட்டேனுங்க.'

உண்மைதான். மேலே நான் 'அவன் கேட்கவே இல்லை' என்று எழுதியிருப்பதை அடிக்க வேண்டாம். திருத்தமாக இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. உப்பு முழுவதும் நீக்கிய தண்ணீரில் மின்சாரம் அநேகமாகப் பாயாது. எந்த வேதியியல் ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தமிழரசுவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவன் பூசணிக்காயோடு வாசலுக்குப் போன பிறகு, தீனதயாளன் அந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "தண்ணி சரிங்ணா. கம்புல பாயுமுங்களா?"

பதினோரு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே மிகச் சரியான கேள்வி அது. எந்த வாடிக்கையாளரும், எந்த அதிகாரியும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. என் பரீட்சையில் அவன் அந்த நிமிடமே தேறிவிட்டான்.

என் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. ஸ்டிக்கர் முழுவதும் மறையும்படி சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். மழைக்கும் தண்ணீருக்கும் அழியாமல் இருக்கட்டும் என்று மேலே செல்லோ டேப் ஒட்டினேன். "சாமி கும்பிடுடா முதல்ல" என்றேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பொட்டைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

ஆகவே, உங்கள் அறிக்கையில் இருக்கும் அறியாமை என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். எங்கள் இருவரில் ஒருவருக்கும் அது பொருந்தாது.