ஏறும்போதே கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, எங்கள் சபையின் போதகர் அவர்களே, மருத்துவர்களே, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் சீருடையோடு வந்து நிற்கும் செவிலியர் சகோதரிகளே, துப்புரவுப் பணியாளர்களே, நோயாளிகளின் உறவினர்களே, நம்மை விட்டுப் பிரிந்த அண்ணனின் மனைவியாக, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, உங்கள் எல்லோரையும் கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

ஆறாம் மாடியின் தலைமைச் செவிலி என்பதால் அண்ணனின் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். ஆனால் அவரைப் பற்றிப் பேச இந்த மருத்துவமனையிலேயே தகுதி குறைந்தவள் நான்தான். அது ஏன் என்பதைச் சொல்லாமல் இந்த ஒலிபெருக்கியை விட்டு நகரமாட்டேன்.

உங்கள் வலப்பக்கம் இருக்கும் லிஃப்ட்டைப் பாருங்கள். கதவு திறந்தால் உள்ளே ஒரு முக்காலி தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகள் அதில் அமர்ந்து நம்மை ஏற்றி இறக்கியவரை, தலைமை மருத்துவர் முதல் வாசற்காவலர் வரை லிஃப்ட் அண்ணன் என்றே அழைத்தோம். அவரே தன் பெயரை மறந்துவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார். "சம்பளச் சீட்டுல பார்த்தாதான் சிஸ்டர் ஞாபகம் வருது" என்பார்.

ஆறாம் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே போகிறவர்கள் கலங்கிய முகத்தோடுதான் லிஃப்ட்டில் ஏறுவார்கள். கதவு மூடியதும் அண்ணன் எழுந்து நின்று கேட்பார்: "நான் இயேசுவை நம்புறவன். உங்க ஆளுக்காக அவர்கிட்ட கேட்கட்டுமா? வேணாம்னா வேணாம்." சரி என்றால் நோயாளியின் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஆறாம் மாடி வருவதற்குள் நாலு வரியில் ஜெபித்துவிடுவார். வேண்டாம் என்றால் "சரிங்க" என்று உட்கார்ந்துவிடுவார். அந்த ஆளிடம் மறுமுறை கேட்கவே மாட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில் இந்த வாசகத்தில் ஒரு சொல் மாறவில்லை.

அவர் ஏன் கேட்டார்? அதை ஒருநாள் என்னிடம் சொன்னார். இங்கே வேலைக்கு வருவதற்கு முன்பு, அவருடைய ஏழு வயது மகனை இதே ஆறாம் மாடிக்குத்தான் கொண்டுவந்தார்கள். "ஏறும்போது லிஃப்ட்டுல எட்டுப் பேரு இருந்தாங்க சிஸ்டர். ஒருத்தர் வாயத் திறக்கல. இறங்கும்போது பிள்ளை இல்ல. கூட்டுற அம்மா ஒருத்தங்க என் தோளைப் பிடிச்சு ஜெபம் பண்ணினாங்க. அன்னைக்குத்தான் நான் இயேசுவை அறிஞ்சேன். பையன் பொழைக்கல. ஆனா நான் பொழைச்சேன். அந்த வார்த்தை ஏறும்போதே கிடைச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். அதான் நான் ஏறும்போதே கேட்டுடுறேன்."

அண்ணி, உங்களுக்குத் தெரிந்த கதை இது. உங்கள் முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்கு மன்னியுங்கள்.

இப்படிப்பட்ட மனிதரை நாம் எப்படிப் புரிந்துகொண்டோம்? ஆள் பிடிக்கிறார் என்றோம். இடிந்து போய் வருகிறவர்களிடம் மதம் பேசுகிறார் என்றோம். இதெல்லாம் போகட்டும், எங்கும் கேட்கிற பேச்சு. இங்கே வேறொன்று கிளம்பியது. ஒரே வாரத்தில், அவர் ஜெபித்த மூன்று நோயாளிகள் இறந்துபோனார்கள். ஆறாம் மாடியில் ஒரு வாரத்தில் மூன்று பேர் இறப்பது புதிதா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அதற்குக் கண்ணும் காதும் மூக்கும் வைத்துவிட்டார்கள். "லிஃப்ட்காரர் எழுந்து நின்னாருன்னா கேஸ் முடிஞ்சுது" என்று வாசற்கடையில் தொடங்கிய பேச்சு வார்டு வரை ஏறியது. பயந்துபோன உறவினர்கள் லிஃப்ட்டை விட்டுவிட்டு ஆறு மாடியும் படியேறத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் மூன்றாம் மாடிப் படித்திருப்பத்தில் ஒரு நாற்காலி முளைத்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குடம், மூடி மேல் ஒரு குவளை. ஏறி வந்தவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, அண்ணனை நாலு வார்த்தை திட்டிவிட்டு மேலே போவார்கள். வைத்தது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஒருநாள் நான் சீக்கிரம் வேலைக்கு வந்தபோது, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணன் படியேறிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே இது? உங்களுக்குப் பயந்துதானே அவங்க படியேறுறாங்க?" என்றேன்.

"பயந்து ஏறினாலும் கால் வலிக்கும்ல சிஸ்டர்" என்றார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். அந்தத் தண்ணீர் யார் சுமந்தது என்று இன்றைக்காவது தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு எழுத்தில் புகார் வந்தது. நோயாளிகளின் உறவினர்களை வற்புறுத்துகிறார் என்று புகார். கண்காணிப்பாளர் ஐயா என்னைக் கூப்பிட்டார். ஐயா, உங்களுக்கு நினைவிருக்கும். "சிஸ்டர், நீங்களும் அதே சபைதானே. தினமும் அந்த லிஃப்ட்டுலதான் போறீங்க. அவர் யாரையாவது வற்புறுத்துறாரா?" என்று நேர்மையாகத்தான் கேட்டீர்கள்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். ஆனால் நானும் ஆள் பிடிக்கிற கூட்டத்தில் ஒருத்தி என்று நினைத்துவிடுவார்களோ, என் பதவி உயர்வு நின்றுவிடுமோ என்று பயந்தேன். "நான் கவனிச்சதில்ல சார்" என்றேன். ஞாயிறுதோறும் அவருக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவள், கவனித்ததில்லை என்றேன். அது பொய். பச்சைப் பொய். இத்தனை பேர் முன்னிலையில் அதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாளே அண்ணனைக் கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் அந்த நீராவியில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் ஒருமுறை மன்னிப்புக் கேட்கலாம் என்று கீழே இறங்கினேன். ஆனால் கேட்கவில்லை. "ஆறாம் மாடிக்கு விரிப்பு குறையுது" என்று ஏதோ உளறினேன். அவர் நாற்பது விரிப்புகளை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். "ஒவ்வொண்ணையும் மடிக்கும்போது, இதுல படுக்கப்போறவரைக் காப்பாத்தும் ஆண்டவரேன்னு சொல்லித்தான் மடிக்கிறேன் சிஸ்டர். இங்க யாரும் பயப்படுறதில்ல" என்று சிரித்தார். நான் சொன்ன பொய் அவருக்குத் தெரியுமா? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் அடுத்த ஞாயிறு என்னைப் பார்த்து முதலில் தோத்திரம் சொல்லி வணங்கியவர் அவர்தான்.

புகாரில் உண்மையில்லை என்று வேறு சிலர் எழுதிக் கொடுத்த பிறகு அவரை மறுபடி லிஃப்ட்டுக்கு அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் எங்கள் சபைக்காரர்கள் அல்ல. அவரிடம் வேண்டாம் என்று சொன்ன உறவினர்கள். அவர் வற்புறுத்தவில்லை என்பதற்கு அவர்களைவிடச் சாட்சி யார்? நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர்கள் சொன்னார்கள்.

திரும்பி வந்த முதல் நாளே, கதவு மூடியதும் எழுந்து நின்றார். அதே கேள்வி. ஆட்கள் இறங்கியதும், "இன்னுமா அண்ணே? பட்டது போதாதா?" என்றேன். "கேட்கிற விதம் எனக்குத் தெரியாம இருக்கலாம் சிஸ்டர். அதுக்காகக் கேட்காம இருந்துட முடியுமா?" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அந்த முக்காலியிலிருந்து அவர் சரிந்து விழுந்தார். தள்ளுவண்டியில் ஏற்றி, அவருடைய லிஃப்ட்டிலேயே அவரைக் கொண்டுபோனோம். ஒரு மருத்துவர், இரண்டு பணியாளர்கள், நான். கதவு மூடியது. எழுந்து நிற்க ஆள் இல்லை. பேச்சு இல்லை. நான் அவருடைய ஆக்சிஜன் முகக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே மாறுகிற மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாடி தாண்டும்போது அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். முகக்கவசத்துக்குள் உதடு அசைந்தது. முப்பது வருடம் செவிலியாக இருப்பவள் இல்லையா நான்? மூச்சுத் திணறுகிறது, காற்றுக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆக்சிஜனைக் கூட்டினேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். நான் இன்னும் கூட்டினேன். ஆறாம் மாடி வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அவர் நம்மை விட்டுப் போய்விட்டார்.

அவர் காற்றா கேட்டார்? ஆயுள் முழுவதும் அந்த லிஃப்ட்டில் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானே? எட்டுப் பேர் வாய் திறக்காத லிஃப்ட்டில் மகனோடு ஏறியவர், கடைசியில் நான்கு பேர் வாய் திறக்காத லிஃப்ட்டில் ஏறிப்போனார். அந்த நால்வரில் மூவருக்கு, அவர் ஏன் ஏறும்போதே கேட்டார் என்பது தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். நான் ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டிருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை ஐயா. மன்னியுங்கள்.

பெரிய உறுதிமொழி எடுக்க எனக்குத் தெம்பில்லை. மூன்றாம் மாடி நாற்காலியை யாரும் எடுத்துவிடாதீர்கள். குடத்துக்குத் தண்ணீர் நான் சுமக்கிறேன். இனி ஆறாம் மாடிக்கு ஏறும்போது நான் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டேன். அண்ணன் கேட்டதைக் கேட்பேன். அதற்காக என் மேல் புகார் வந்தால், ஐயா, இந்த முறை உண்மையைச் சொல்கிறேன்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் அண்ணி ஆறாம் மாடிக்கு வந்து அவருடைய சட்டையையும் கைக்கடிகாரத்தையும் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். மகனுக்குப் பிறகு இந்த லிஃப்ட்டில் ஏறவே மாட்டேன் என்றிருந்தவர் அவர். அண்ணி, இன்று உங்களோடு நான் ஏறுகிறேன். கதவு மூடியதும் உங்களிடம் கேட்பேன். நீங்கள் விசுவாசிதான், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அண்ணன் கேட்ட மாதிரியே கேட்பேன்: "நான் இயேசுவை நம்புறவ. உங்களுக்காக அவர்கிட்ட கேட்கட்டுமா அண்ணி? வேணாம்னா வேணாம்."